மாப்பிள்ளை வரும்வரை காத்திருக்காதீர்கள்: பிரசவ ஆபத்தில் வீட்டார் செய்ய வேண்டியவை

வளைகாப்பு அன்று வீட்டில் எல்லோரும் கூடியிருப்பார்கள். பெண்ணின் அம்மா அப்பா, மாமியார் மாமனார், தாய்மாமன், நாத்தனார், பக்கத்து வீட்டு ஆயா வரை ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருப்பார்கள். வளையல் அடுக்கி, நலங்கு வைத்து, கலந்த சாதம் சாப்பிட்டு முடித்ததும், பந்திப்பாயைச் சுருட்டுவதற்கு முன் அரை மணி நேரம் அத்தனை பேரையும் உட்கார வையுங்கள். நான்கு கேள்விகளுக்கு அன்றைக்கே விடை முடிவாகிவிட வேண்டும். நள்ளிரவில் வலி எடுத்தால் 108-க்குப் பேசுவது யார்? ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் யாருடைய வண்டி? ரத்தம் தேவைப்பட்டால் கொடுக்கப்போவது யார்? மாப்பிள்ளை ஊரில் இல்லாத நேரத்தில் ‘கிளம்பு’ என்று சொல்லும் உரிமை யாருக்கு?

நான்காவது கேள்வியைத்தான் எந்த வீட்டிலும் கேட்பதில்லை. நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். மாப்பிள்ளை பெங்களூரில் வேலை பார்ப்பார், ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இரவு ஷிப்டில் இருப்பார், அல்லது எல்லையில் இருப்பார். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். அந்த அளவுக்கு வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் உள்ளது நம் வேலூர் மாவட்டம். பெண்ணுக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும்; பெற்ற அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு, “மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம், நாளைக்கு நம்மைக் குறை சொல்லக்கூடாது பாருங்கள்” என்று வாசலில் நிற்பார். பாசம் இல்லாதவர் அல்ல அவர். பயந்தவர். அந்தப் பயத்தை வளைகாப்பு நாளிலேயே மாப்பிள்ளையின் வாயால் போக்கிவிட வேண்டும். “மாமா, என்னைக் கேட்க வேண்டாம், உடனே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்” என்று அவர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லட்டும்.

பேரணாம்பட்டு, அணைக்கட்டு ஒன்றியங்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் நர்சம்மா என்பார்கள். ஒடுகத்தூருக்கு மேலே மலையிலிருந்து டோலி கட்டித் தூக்கி வந்த தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன்; தார் ரோடு ஓரத்திலேயே வீடு இருந்தும் தாமதமாக வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். தூரம் பறித்த நேரத்தைவிட, வீட்டுக்குள் யோசித்து நின்ற நேரம் அதிகம். வேலூர் சிஎம்சியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனதற்கே காரணம், திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவத்தில் தவித்த மூன்று பெண்கள் இறந்துபோனதுதான். அவருடைய தந்தை டாக்டர். கூப்பிடு தூரத்தில் இருந்தார். ஆண் டாக்டர் பார்க்கக்கூடாது என்று மூன்று வீட்டு ஆண்களும் மறுத்துவிட்டார்கள். ஐடா படித்து முடித்து 1900-இல் திரும்பி வந்து வேலூரில் வைத்தியம் தொடங்கினார். அதற்குப் பிறகு எத்தனையோ மருத்துவமனைகள் வந்துவிட்டன. வீட்டு வாசலில் அனுமதிக்காக நிற்பது மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

தாய் வீட்டுக்குப் பெண்ணை அழைத்து வந்த மறுநாளே அந்த ஊர் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பப் பதிவு புகுந்த வீட்டு ஊரில் இருக்கும். இந்த ஊர் செவிலியருக்கு உங்கள் பெண் வந்திருப்பதே தெரியாது. தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை எழுதிய சீட்டு, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அதே பையில் துவைத்து வெயிலில் காயவைத்த பருத்திப் புடவைகள், குழந்தையைத் துடைக்க இரண்டு மூன்று துண்டுகள், குல்லா, சோப்பு, டார்ச், பெரிய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று. கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம். அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு எதற்கும் கட்டணம் கிடையாது. 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் அது. ஆகவே பணம் புரட்ட வேண்டும் என்று ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள்.

மலையில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை, பாலாம்பட்டு பக்கத்துக் குக்கிராமங்களில் வலி எடுத்த பிறகு கிளம்புவது என்ற கணக்கே சரிவராது. டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே கீழே இறங்கிவிடுங்கள். உறவினர் வீடு இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் பிரசவக் காத்திருப்பு அறை எங்கே இருக்கிறது என்று செவிலியரைக் கேளுங்கள். சாமை அறுப்பு இருக்கிறது, மாட்டை யார் பார்ப்பது என்பீர்கள். தெரியும். மாட்டுக்கு ஆள் ஏற்பாடு செய்துவிட்டு இறங்குங்கள். எந்தப் பாறைமேல் ஏறினால் போனில் சிக்னல் கிடைக்கும் என்பதை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நாள் குறித்திருந்தால் இரண்டாவது வழியும் யோசித்து வையுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டபோது தரைப்பாலங்கள் மூழ்கிப் பல ஊர்கள் சுற்றிப்போக வேண்டியிருந்தது நினைவிருக்கும்.

எதைக் கண்டால் கிளம்ப வேண்டும்

உதிரப்போக்கு எந்த மாதத்தில் வந்தாலும் கிளம்புங்கள். இரண்டாம், மூன்றாம் மாதத்தில் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டையில் வலி என்றால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். வெளியே தெரியும் ரத்தம் சில சொட்டுதான் இருக்கும், உள்ளே பெருகிக்கொண்டிருக்கும். ஏழாம் மாதத்துக்கு மேல் வலியே இல்லாமல் சிவப்பாக ரத்தம் போனால் நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மறைத்திருக்கலாம். வலியோடு வயிறு கல்லாக இறுகி ரத்தம் போனால் நஞ்சு முன்னதாகவே பிரிந்திருக்கலாம். எதுவானாலும் உள்ளே கைவிட்டுப் பார்க்க யாரையும் அனுமதிக்காதீர்கள். ஊரில் எவ்வளவு அனுபவமுள்ள மருத்துவச்சியாக இருந்தாலும் சரி. அந்தக் கை நஞ்சைத் தொட்டால் ரத்தம் அணை உடைந்ததாகிவிடும்.

அடுத்தது ரத்த அழுத்தம். இது சத்தமில்லாமல் வரும் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்கிறேன். பேரணாம்பட்டுப் பக்கத்தில் பீடி சுற்றும் ஒரு பெண்ணின் வளைகாப்புக்குப் போயிருந்தேன். கல்யாணத்துக்கு வாங்கிய அளவிலேயே வளையல் வாங்கியிருந்தார்கள். கை முட்டியைத் தாண்டி ஏறவில்லை. சோப்பு போட்டுத் தேய்த்துப் பார்த்தார்கள். விரல்கள் உருண்டு, மோதிரம் சதையில் பதிந்திருந்தது. “நாளெல்லாம் முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்தே இருக்கிறாள், அதனால் நீர் கோத்திருக்கிறது” என்றார் மாமியார். முகத்தைப் பார்த்தேன், கண் இமைகள் தடித்திருந்தன. இரண்டு நாளாகத் தலைவலி என்று அந்தப் பெண் மெல்லச் சொன்னாள். கருவியைக் கட்டிப் பார்த்தால் 160-க்கு மேல். வளையலைத் தட்டிலேயே வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தோம். அன்றே ஊசி போட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்தால் கணுக்காலில் கொஞ்சம் நீர் கோக்கும். படுத்து எழுந்தால் வற்றிவிடும். காலையில் எழும்போதே முகமும் கைவிரலும் வீங்கியிருந்தால் அது வேறு. அதோடு விடாத தலைவலி, கண் மங்குவது, கண்முன் பூச்சி பறப்பது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே அழுத்தம் பார்க்க வேண்டும். வீக்கமே இல்லாமலும் அழுத்தம் ஏறும் என்பதால் மாதாமாதம் பார்ப்பதை விடக்கூடாது. 140-க்கு 90 தாண்டினால் டாக்டர் பார்க்க வேண்டும். 160-க்கு 110 என்றால் அது அவசரம். அந்த நெஞ்சுக்குழி வலியை வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்துப் பொழுதைப் போக்குவதுதான் எனக்குத் தாங்காத விஷயம்.

பனிக்குடம் உடைந்தால், வலி இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும். தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. நிறத்தை மறக்காமல் செவிலியரிடம் சொல்லுங்கள். தண்ணீரோடு தொப்புள்கொடி வெளியே வந்துவிட்டால் தாயை முழங்காலும் மார்பும் தரையில் படும்படி, இடுப்பு மேலே உயர்ந்திருக்கும்படி குப்புறக் கவிழ்ந்திருக்கச் சொல்லுங்கள். கொடியை உள்ளே தள்ளாதீர்கள், திரும்பத் திரும்பத் தொடாதீர்கள். ஈரத்துணியால் லேசாக மூடி, இடுப்பு உயர்ந்த நிலையிலேயே கொண்டுபோங்கள்.

குழந்தையின் அசைவு குறைந்துவிட்டது என்று தாய் சொன்னால் நம்புங்கள். சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணட்டும். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வரவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான். குளிர் காய்ச்சல், மூச்சுத் திணறல் ஆகியவையும் அப்படியே.

சூட்டு வலியா, பிரசவ வலியா என்ற சந்தேகத்துக்கு நம் வீடுகளில் சீரகத் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பார்கள். நாள் நெருங்கிய பிறகு கொடுங்கள், தப்பில்லை. ஆனால் இடைவெளியைக் கடிகாரத்தில் பாருங்கள். வலி முதுகிலிருந்து வயிற்றுக்கு வந்து, விட்டுவிட்டு, இடைவெளி குறைந்துகொண்டே போனால் அது பிரசவ வலிதான். தேதிக்கு மூன்று வாரத்துக்கும் முன்னால் அப்படி வந்தால் சீரகத் தண்ணீருக்கே நேரம் செலவிட வேண்டாம். விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுப்பது, வலி வரட்டும் என்று வீட்டிலேயே ஊசி போடச் சொல்வது, வயிற்றை மேலிருந்து அமுக்குவது, இந்த மூன்றும் கூடவே கூடாது. அந்த ஊசியால் கர்ப்பப்பையே கிழிந்துபோகும்.

ராகு காலம் கழியட்டும் என்று நிற்பவர்களுக்கு: எனக்கும் சாமி நம்பிக்கை உண்டு. திருநீறு பூசி, குலதெய்வத்தைக் கும்பிட்டு உடனே வண்டியில் ஏற்றுங்கள்.

வலிப்பு வந்துவிட்டால்

ரத்த அழுத்தம் ஏறினால் வலிப்பு வரலாம். வந்தால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்குக் கீழே மடித்த துணி. சுற்றிலும் அரிவாள்மனை, குத்துவிளக்கு, கட்டில் கால் எது இருந்தாலும் நகர்த்துங்கள். கையில் சாவிக்கொத்து கொடுப்பது, பல்லுக்கிடையில் கரண்டி வைப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது வேண்டாம். தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். நின்றதும் வாயில் வழியும் எச்சிலை வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒருமுறை வந்து நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்று இருக்க முடியாது, மறுபடி வரும். இதற்கு மருந்து மெக்னீசியம் சல்பேட் ஊசி. அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, குழந்தையை வெளியே எடுப்பார்கள். இதைப் பேய் பிடித்தது என்று சொல்லி வேப்பிலை அடிக்க ஆள் தேடினால் இரண்டு உயிர் போகும்.

108-க்குப் பேசும்போது

அழுகையோடு “சீக்கிரம் வாங்க” என்று மட்டும் சொன்னால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. ஊர், ஒன்றியம், பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த இடம் ஒன்று: கோயில், பால் சொசைட்டி, பள்ளிக்கூடம், தண்ணீர் டேங்க். எத்தனையாவது மாதம், எத்தனையாவது பிரசவம், இப்போது என்ன நடக்கிறது. முன்பு சிசேரியன் ஆகியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். நீங்கள் பேசிய போனை வேறு அழைப்புக்குப் பயன்படுத்தாதீர்கள்; வண்டியில் இருப்பவர் திரும்ப அழைப்பார். அந்த நேரத்தில் நீங்கள் சித்திக்குச் சேதி சொல்லிக்கொண்டிருந்தால் வண்டி ரோட்டில் நின்றுவிடும். சித்திக்கு வேறு போனில் சொல்லுங்கள். டார்ச்சோடு ஒருவர் மெயின் ரோட்டுக்குப் போய் நிற்கட்டும்.

சுகப்பிரசவத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போதும். 24 மணி நேரமும் செவிலியர் இருப்பார்கள். ரத்தமோ, ஆபரேஷனோ தேவைப்படும் நிலை என்றால் நம் மாவட்டத்தில் அடுக்கம்பாறை அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சீமாங் என்கிற தாய் சேய் அவசர சிகிச்சை மையம் அங்கே இருக்கிறது. எங்கே கொண்டுபோவது என்று 108-இல் வரும் மருத்துவ உதவியாளர் முடிவு செய்தால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். ‘எங்கள் வழக்கமான டாக்டரிடம்தான்’ என்று வண்டியில் ஏறிய பிறகு வாதம் செய்யாதீர்கள்.

வண்டியில் மல்லாக்கப் படுக்க வேண்டாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதே நல்லது. பெரிய வயிறு மல்லாந்த நிலையில் முக்கிய ரத்தக்குழாயை அழுத்தும். சாப்பாடு கொடுக்காதீர்கள்.

வழியிலேயே பிறந்துவிட்டால்

தாய்க்கு மலம் வருவது போன்ற முக்கல் வந்து, தலை தெரிய ஆரம்பித்துவிட்டால் இனி எங்கும் ஓட வேண்டாம். வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். காலை ஒட்டிப் பிடிப்பது, கையால் தலையை உள்ளே அழுத்துவது இரண்டும் குழந்தையைக் கெடுத்துவிடும். சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். தாய்க்குக் கீழே சுத்தமான துணி விரியுங்கள். மின்விசிறியை, ஏசியை அணையுங்கள்.

தலை வரும்போது “முக்காதே, வாயைத் திறந்து ஊதி ஊதி மூச்சு விடு” என்று சொல்லுங்கள். உங்கள் உள்ளங்கையைத் தலையில் லேசாக வையுங்கள், அது வெடுக்கென்று வெளியே வராமல் இருந்தால் போதும். இழுக்காதீர்கள். கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறதா என்று விரலால் பாருங்கள். தளர்வாக இருந்தால் தலைக்கு மேலாகக் கழற்றிவிடுங்கள். அடுத்த வலியில் தோள் வரும், பிறகு முழுக் குழந்தையும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் துண்டோடு பிடியுங்கள். தலைக்குப் பதில் காலோ பிட்டமோ வந்தால் கையை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள், இழுத்தால் தலை மாட்டிக்கொள்ளும். கை மட்டும் வெளியே வந்தால் அது வழியில் பிறக்காது. அப்போது மட்டும் நிற்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பிறந்த நேரத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். முதல் ஒரு நிமிடம் முழுக்கக் குழந்தைக்கானது.

தாயின் வயிற்றின் மேலேயே போட்டு, காய்ந்த துண்டால் தலை, முதுகு, கை, கால் எல்லாம் அழுத்தித் துடையுங்கள். துடைப்பதுதான் முதல் சிகிச்சை. அந்தத் தேய்ப்பிலேயே பெரும்பாலான குழந்தைகள் அழுதுவிடும். நனைந்த துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு காய்ந்த துணியால் மூடுங்கள். குல்லா போடுங்கள். தாயின் மார்போடு தோல் தோலில் படும்படி வைத்து, இருவர் மேலும் புடவையைப் போர்த்துங்கள். நம் ஊர் கத்திரி வெயிலில் குளிரா என்று கேட்பார்கள். வயிற்றுக்குள் இருந்த சூட்டுக்குப் பழகிய பச்சை உடம்பு ஈரத்தோடு ஃபேன் காற்றில் கிடந்தால் மே மாதத்திலும் சில்லிட்டுப்போகும். உடம்புச் சூடு 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் பால் இழுக்கவும் மூச்சு விடவும் சோர்ந்துபோகும்.

பத்தில் ஒரு குழந்தைக்குத்தான் மூச்சுவிடக் கொஞ்சம் உதவி தேவைப்படும். துடைத்தும் அழவில்லை, துவண்டு கிடக்கிறது என்றால் முதுகுத் தண்டை ஒட்டி உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை மேலும் கீழும் தேயுங்கள். வாயில் சளியோ பச்சைத் தண்ணீரோ கண்ணுக்குத் தெரிந்தால் விரலில் துணி சுற்றி முதலில் வாய், பிறகு மூக்கு என்று துடையுங்கள். தலைகீழாகத் தொங்கவிடுவது, பிட்டத்தில் அடிப்பது, குளிர்ந்த நீர் தெளிப்பது, காதில் ஊதுவது எல்லாம் பழைய பழக்கம், விட்டுவிடுங்கள். அப்போதும் மூச்சு இல்லையா? ஒரு நிமிடம் முடிவதற்குள் நீங்கள் ஊத ஆரம்பித்துவிட வேண்டும்.

சமதளத்தில் மல்லாக்கப் படுக்க வைத்து, தோளுக்குக் கீழே மெல்லியதாக மடித்த துணி ஒன்று வையுங்கள். முகம் நேராக மேலே பார்க்க வேண்டும்; தாடை மார்பில் இடிக்கவும் கூடாது, தலை பின்னால் தொங்கவும் கூடாது. உங்கள் வாயால் குழந்தையின் வாய், மூக்கு இரண்டையும் சேர்த்து மூடிக்கொள்ளுங்கள். உங்கள் கன்னத்தில் அடங்கும் காற்று மட்டும். நெஞ்சிலிருந்து இழுத்து ஊதினால் அந்தச் சிறிய நுரையீரல் தாங்காது. ஒவ்வொரு ஊதலுக்கும் நெஞ்சு மேலே எழுகிறதா என்று ஓரக்கண்ணால் பாருங்கள். எழவில்லை என்றால் தலையின் நிலையைச் சரிசெய்து மறுபடி ஊதுங்கள். ‘ஊது, இரண்டு, மூன்று; ஊது, இரண்டு, மூன்று’ என்று மனதில் சொல்லிக்கொண்டே போனால் நிமிடத்துக்கு 40 முதல் 60 வரும். தானாக மூச்சுவிடும் வரையோ, உதவி வந்து சேரும் வரையோ நிறுத்தாதீர்கள். இதைக் கர்ப்ப காலத்திலேயே ஒரு துணிப் பொம்மையை வைத்து வீட்டில் இரண்டு பேர் பழகிக்கொண்டால் நல்லது.

தொப்புள்கொடியை அறுக்க அவசரமே இல்லை. ஆம்புலன்ஸ் வரப்போகிறது என்றால் அறுக்காமலே தாயோடு வைத்து அனுப்புங்கள். ஒன்று முதல் மூன்று நிமிடம் கொடியை விட்டுவைத்தால் நஞ்சிலிருந்து குழந்தைக்கு ரத்தம் கூடுதலாக வந்து சேரும், பின்னால் ரத்தசோகை வராமல் காக்கும். அரிவாளும் பழைய பிளேடும் கொடிக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. சாணி, சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதையும் தொப்புளில் வைக்காதீர்கள்.

குழந்தை மார்பைத் தேடினால் பால் கொடுக்க விடுங்கள். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். குளிப்பாட்டுவதை மறுநாளுக்குத் தள்ளுங்கள்.

இப்போது தாயைப் பாருங்கள்

குழந்தை அழுததும் எல்லோருடைய கண்ணும் குழந்தை மேல் போய்விடும். ஆணா பெண்ணா, யார் ஜாடை என்று பேச்சு ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில்தான் தாயை இழக்கிறோம். ஒருவராவது தாயின் பக்கத்தைவிட்டு நகரக்கூடாது.

நஞ்சு தானாக வரும், பெரும்பாலும் அரை மணிக்குள். கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள். கர்ப்பப்பையே வெளியே புரண்டுவிடும். வந்த நஞ்சை ஒரு கவரில் போட்டு எடுத்துப்போங்கள், துண்டு எதுவும் உள்ளே தங்கியிருக்கிறதா என்று செவிலியர் பார்ப்பார். நஞ்சு வந்ததும் தாயின் தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே உங்கள் கையை வையுங்கள். கர்ப்பப்பை உரித்த தேங்காய் போல உருண்டையாகக் கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். அப்படி இருந்தால் ரத்தக்குழாய்கள் மூடிக்கொண்டன என்று பொருள். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை, தொளதொளவென்று இருக்கிறது என்றால் கர்ப்பப்பை சுருங்கவில்லை. விரல்களைக் குவித்து, அது இறுகும்வரை வட்டமாகத் தேயுங்கள். வலிக்கிறது என்று தாய் சொல்வாள். “கொஞ்சம் பொறுத்துக்கொள் கண்ணு” என்று சொல்லிக்கொண்டே தேயுங்கள். இறுகிய பிறகும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள், மறுபடி தளர்ந்துவிடும். தாயைச் சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை சுருங்க இடம் இருக்காது. குழந்தை பால் சப்பினாலும் சுருங்கும்.

எவ்வளவு ரத்தம் அதிகம்? அரை லிட்டர் தாண்டினால் ஆபத்து என்பது கணக்கு. வீட்டில் யார் அளப்பது? அடியில் வைத்த துணி ஐந்து நிமிடத்துக்குள் முழுக்க நனைந்தால் அது அதிகம். சொட்டுச் சொட்டாக நிற்காமல் போய்க்கொண்டே இருந்தாலும் அதிகம்தான். ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அரை லிட்டர்கூட வேண்டியதில்லை. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை, 7-க்குக் கீழே என்றால் கடுமையானது. இரும்புச்சத்து மாத்திரை கறுப்பாக மலம் போகிறது என்று கூரையில் செருகிவைத்த பெண்களின் வீடுகளில் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். அந்த மாத்திரை இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான்.

கை கால் ஜில்லென்று வியர்ப்பது, உதடு வெளுப்பது, நாடி வேகமாக ஓடுவது, பேச்சு குழறுவது வந்தால் காலை உயர்த்தி வைத்து, போர்த்தி, தேய்ப்பதை நிறுத்தாமல் கொண்டுபோங்கள். அங்கே கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின் ஊசி, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் கொடுப்பார்கள். இரண்டாவது மருந்து பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். ரத்தம் கொடுக்க வளைகாப்பு அன்று பெயர் சொன்னவர்கள் பின்னாலேயே கிளம்பட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

நன்றாக இருக்கிறாள் என்று மறுநாளே கையெழுத்துப் போட்டுக் கூட்டிவராதீர்கள். குறைந்தது 48 மணி நேரம் அங்கேயே இருக்கட்டும். திரும்ப வர 102 வண்டி இலவசம்.

குழந்தை பால் குடிக்க மறுத்தால், நெஞ்சு குழிவிழ மூச்சு வாங்கினால், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சுவிட்டால், உடம்பு சுட்டால் அல்லது சில்லிட்டால், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வந்தால் அன்றே கொண்டுபோங்கள். மஞ்சள் முதல் நாளிலேயே தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலோ இளவெயிலில் காட்டிக்கொண்டு உட்காராதீர்கள். இரண்டரை கிலோவுக்குக் குறைந்த பிள்ளையை அம்மாவோ, அப்பாவோ, ஆயாவோ மார்போடு கட்டிக்கொள்ளலாம்.

தாய்க்கு ஆறு வாரம் வரை ஆபத்து உண்டு. அழுத்தமும் வலிப்பும் பிரசவத்துக்குப் பிறகும் வரும். துர்நாற்றத்தோடு உதிரம், காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீரென்று மூச்சுத் திணறல் எல்லாவற்றுக்கும் 108 தான். பெண் தூங்காமல், தனக்குத் தானே பேசிக்கொண்டு, பிள்ளையைப் பார்த்துப் பயப்பட்டால் அதுவும் வைத்தியம் செய்ய வேண்டிய நோய், பிரசவத்தோடு வருவது, மருந்தில் குணமாவது. தாயத்துக் கட்ட அலையாமல் அன்றே அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். போய்ச் சேரும்வரை அவளையும் குழந்தையையும் தனியாக விடாதீர்கள்; அவளைத் திட்டாதீர்கள். எந்த டாக்டரிடம் போவது என்று தெரியாவிட்டால் 104 மருத்துவ ஆலோசனை எண்ணில் கேளுங்கள்.